சாவி திரும்புது, வண்டி நிக்குது

போன மாதம் ஒரு பழைய கார் வாங்கினேன். விற்றவர் கையில் ஒரே ஒரு சாவிதான் இருந்தது, இன்னொன்று எங்கே என்றால் "வீடு மாத்தும்போது எங்கியோ போயிருச்சுங்க" என்றார். சரி, முந்நூறு ரூபாயில் ஒன்று வெட்டிக்கொள்ளலாம் என்று காந்திபுரத்தில் ஒரு சாவிக் கடையில் நிறுத்தினேன்.

புதுச் சாவியில் கதவு திறந்தது, ஸ்டீயரிங் லாக் விட்டது, இன்ஜின் ஒரு உறுமல் உறுமிவிட்டு இரண்டே விநாடியில் அடங்கிப்போனது. மறுபடி திருப்பினாலும் அதே கதைதான். டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் பம்ப் போச்சா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கடைக்காரர் அசரவில்லை. "பழைய சாவியோட தலைய இக்னிஷன்கிட்ட ஒட்டிப் புடிச்சுட்டு, புதுச ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். செய்தேன், கிளம்பிவிட்டது! "அதுக்குள்ள சிப் இருக்குதுங்க, நான் வெட்டினது வெறும் இரும்பு."

பழைய சாவியின் பிளாஸ்டிக் தலையைப் பிரித்தும் காட்டினார். ரிமோட் பேட்டரிக்குப் பக்கத்தில் அரிசி மாதிரி ஒரு கண்ணாடிக் குழல், அவ்வளவுதான். இதற்குப் பேட்டரியே வேண்டாம், இக்னிஷனைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளின் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் குறியீட்டைச் சொல்லும், அது சரியாக இல்லையென்றால் இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினி, பெட்ரோலை நிறுத்திவிடும். கொஞ்சம் புதிய வண்டிகளில் இசியு ஒவ்வொரு தடவையும் வேறு எண்ணை அனுப்பி, சிப் அதற்குச் சரியாகக் கணக்குப் போட்டுப் பதில் தருகிறதா என்று பார்க்கும். ஒருமுறை ஒட்டுக்கேட்ட பதில் அடுத்த முறைக்கு உதவாது. ஐரோப்பாவில் 1998-லேயே புதுக் கார்களுக்கு இந்த மாதிரி மின்னணுத் தடுப்பைக் (இம்மொபிலைசர்) கட்டாயமாக்கிவிட்டார்கள்.

அப்புறம் சர்வீஸ் சென்டர். ஆர்சி, ஆதார் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் சிப் சாவிக்கு ஆர்டரே எடுத்தார்கள். நாலாயிரத்துச் சொச்சம் ஆனது, வயிறு எரிந்தது உண்மை. சாவி வந்ததும் "இருக்கற சாவி எல்லாத்தையும் கொண்டாங்க" என்றார்கள். ஏன் என்று அங்கேதான் புரிந்தது: ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகி முதலில் பழைய பதிவு மொத்தத்தையும் அழிக்கிறார்கள், பிறகு எதிரில் இருக்கும் சாவிகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

எனக்கு இதில்தான் நிம்மதி. அந்தத் தொலைந்த சாவி யார் கையில் கிடைத்தாலும் இனி வண்டி கிளம்பாது. கதவு என்னவோ திறக்கும், அதனால் டேஷில் பர்ஸை வைத்துவிட்டுப் போவதில்லை.