நாலு பேர் போன பயணத்தில் நான் மட்டும் படுத்த கதை

உடம்பு சரியில்லை என்று கூட வந்த தோழிகளிடம் சொல்ல எனக்குக் கிட்டத்தட்ட பதினாலு மணி நேரம் ஆனது. அந்தப் பதினாலு மணி நேரம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

பயணத்தின் மூன்றாம் நாள் விடியற்காலையில் வயிற்றைப் பிரட்ட ஆரம்பித்தது. அலைச்சல், தூக்கம் போதவில்லை என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இரண்டு முறை வாந்தி, அப்புறம் பேதி. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காதபடி சமாளித்தேன், ஏனென்றால் மாதக்கணக்காகப் பேசிவைத்திருந்த மலையேற்றம் அன்றைக்குத்தான், என்னால் அது கெட்டுவிடக் கூடாது. "அலுப்பா இருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று மூவரையும் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். குடித்ததெல்லாம் வெளியே வருகிறது என்று மதியத்துக்கு மேல் தண்ணீரையே நிறுத்தினேன். அதைவிட முட்டாள்தனம் வேறு இல்லை.

சாயங்காலம் அவர்கள் கதவைத் தட்டியபோது எழுந்தேன், கண் இருட்டிவிட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்களில் ஒருத்தி, கணக்குப்பிள்ளை என்றுதான் அவளைக் கூப்பிடுவோம், "என்ன ஆச்சு" என்றுகூடக் கேட்கவில்லை. "ஏண்டி, கடைசியா எப்போ யூரின் போனே?" என்றாள். காலையில் கொஞ்சம், அடர் மஞ்சளாக. அதற்கப்புறம் ஞாபகமே இல்லை. உதடும் நாக்கும் காய்ந்து கிடந்தன.

என் பையில் ஓஆர்எஸ் பொட்டலம் இருந்தது. மதியம் அதில் பாதியை ஒரு தம்ளரில் கரைத்து ஒரே மூச்சில் குடித்து, அப்படியே வாந்தியும் எடுத்திருந்தேன். அதைக் கேட்டதும்தான் அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு லிட்டருக்கான பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும், கெட்டியாகக் குடித்தால் உடம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் குடல் பக்கம் இழுத்துவிடும். உறையைக் கண் முன்னால் நீட்டி வாசிக்கவே செய்தாள்: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். சர்க்கரை ருசிக்காக இல்லையாம். சர்க்கரை துணைக்கு இருந்தால்தான் குடல் உப்பை நன்றாக உள்ளே வாங்கும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும். அப்புறம் ஒரு டீஸ்பூனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன், வாந்தி வந்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடியும் ஆரம்பம். எரிச்சலூட்டும் வேகம்தான், ஆனால் உள்ளே தங்கியது.

கூடவே ஒரு நோட்டு போட்டாள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தேன், எத்தனை முறை போனேன், ஜுரம் எவ்வளவு, என்ன மாத்திரை. முதலில் சிரித்தேன். ராத்திரி ஜுரம் 101 தொட்டபோது ஒருத்தி பாராசிட்டமால் கொடுத்தாள், ஒரு மணி நேரத்தில் இன்னொருத்தி பாசத்தோடு ஒரு ஜலதோஷ மாத்திரையை நீட்டினாள். உறையைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் அதே பாராசிட்டமால். நோட்டு இல்லாவிட்டால் அதையும் விழுங்கியிருப்பேன். கவனித்துக்கொள்ள ஆள் கூடினால் இப்படி ஒரு ஆபத்தும் உண்டு.

மறுநாள் காலை டாக்டர். மலத்தில் ரத்தம் உண்டா, ஜுரம் எப்போதிலிருந்து, யூரின் போனதா என்று அவர் கேட்டதற்கெல்லாம் நோட்டையே நீட்டினோம். வாயால் குடிப்பது தங்குகிறது, அதனால் ட்ரிப்ஸ் வேண்டாம் என்றார். ஆன்டிபயாடிக்கும் எழுதவில்லை. அடுத்த நாள் ரயிலை நினைத்து, பேதியை நிறுத்த லோபரமைடு கேட்டேன். ஜுரம் இருக்கும்போது அதைப் போடக் கூடாது என்று மறுத்துவிட்டார். ரயிலைத் தள்ளிப்போட்டோம்.

உண்மையில் எனக்குக் கஷ்டமாக இருந்தது வயிறு இல்லை, வெட்கம். என் அழுக்குத் துணியை ஒருத்தி வாளியில் நனைத்து அலசிக்கொண்டிருந்தாள், நான் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கழிவறைக் கைப்பிடி முதல் துடைத்து, ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். இந்த மாதிரி வயிற்று வைரஸ்களில் சிலதுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாதாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழாதடி, இருக்கிற தண்ணியும் போயிடும்" என்றாள்.

மூன்றாமவள் அன்றைக்கு என்ன செய்தாள் தெரியுமா? திட்டப்படி ஊர் சுற்றப் போனாள். மற்ற இருவருக்கும் அது பிடிக்கவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி. மூன்று பேரும் என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் குற்ற உணர்ச்சியிலேயே இன்னும் இரண்டு டிகிரி ஏறியிருக்கும். சாயங்காலம் வந்து, பார்த்ததையெல்லாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொன்னாள்.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு நோட்டில் "யூரின், வெளிர் மஞ்சள்" என்று எழுதிப் பக்கத்தில் பெரிய டிக் போட்டாள் கணக்குப்பிள்ளை. கூடுதலாகத் தங்கிய ராத்திரிக்கான வாடகையை நான்தான் கொடுப்பேன் என்று சண்டை போட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. நாலாகப் பிரித்து அதே நோட்டில், என் மாத்திரைக் கணக்குக்குக் கீழே எழுதிவிட்டாள்.