அக்கா மகளின் ஆங்கிலத் தாள்களைத் திருத்திப் பார்த்தது

ஸ்டேட் பேங்க் பிஓ (ப்ரொபேஷனரி ஆபீசர்) தேர்வுக்காக அக்கா மகளும் அவள் தோழிகள் சிலரும் ஆங்கிலத்தில் கடிதமும் கட்டுரையும் எழுதிப் பழகுகிறார்கள். அவற்றைத் திருத்துவது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. யார் எந்தத் தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்று ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டு வருகிறேன்.

முதலில் கண்ணில் பட்டதையெல்லாம் சுழித்துக் கொடுத்துப் பார்த்தேன். தாள் சிவந்ததுதான் மிச்சம். அடுத்த வாரமும் அதே தப்புகள். பிறகு வாரத்துக்கு ஒரு வகைத் தப்பு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். நான் திருத்தி எழுதுவதில்லை. அந்த வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன். எங்கே தப்பு என்று அவர்களே தேட வேண்டும்.

'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்' மாதிரி வேண்டாத சொல் ஒட்டிக்கொள்பவை சீக்கிரம் ஒழிந்தன. 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் தி மேனேஜர்' என்பதுதான் முரண்டு பிடித்தது. தமிழில் 'மேனேஜர் எங்கே இருக்கிறார்' என்ற கேள்வியை அப்படியே வைத்து, 'என்று தெரியவில்லை' சேர்த்தால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போனதும் 'வேர் தி மேனேஜர் இஸ்' என்று சாதாரண வரிசைக்குத் திரும்பிவிடும். அந்த வாக்கியத்துக்குக் கேள்விக்குறியும் கிடையாது. இதை விதியாகச் சொன்னபோது தலையாட்டினார்கள், அவ்வளவுதான். வாக்கியத்துக்குக் கீழே அதன் தமிழை எழுதி, 'என்று' வரும் இடத்தை வட்டமிடச் சொன்ன பிறகுதான் பிடிபட்டது.

சரி, இந்த வழியிலேயே போவோம் என்று 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்பதை எடுத்தேன். 'மூன்று வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் அங்கே 'ஹேவ் பீன் லிவிங்' கேட்கும். அது மனப்பாடம்தான், வேறு வழியில்லை. ஆனால் 'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்துக்குத் தமிழே கைகொடுத்தது. '2021-லிருந்து' என்று சொல்ல வந்தால் 'சின்ஸ்'; 'மூன்று வருஷமாக' என்று சொல்ல வந்தால் 'ஃபார்'. "இவ்வளவுதானா மாமா? இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருக்கலாமே!" என்றாள் அக்கா மகள்.

அப்புறம் நிறுத்தக்குறிகள். இங்கே மொழிபெயர்த்துப் பார்ப்பது உதவவில்லை, கெடுக்கவே செய்தது. 'பேங்க்குக்குப் போனேன், மேனேஜர் இல்லை, திரும்பி வந்துவிட்டேன்' என்பது நமக்கு நல்ல வாக்கியம். அதையே ஆங்கிலத்தில் இரண்டு கமா வைத்து எழுதினால் தேர்வில் மதிப்பெண் போகும். முழு வினை ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு போடச் சொன்னேன்: வென்ட், வாஸ், கேம். முதல் கோட்டுக்கு முன்னாலும் சரி, இரண்டு கோடுகளுக்கு நடுவிலும் சரி, 'அண்ட்', 'பட்', 'சோ', 'பிகாஸ்', 'ஹூ' மாதிரி இணைக்கும் சொல் எதுவும் இல்லாமல் வெறும் கமா நின்றால், அந்தக் கமாவை முற்றுப்புள்ளியாக்கு. தேர்வு அவசரத்தில்கூடச் செய்யக்கூடிய சோதனை இது. எனக்கு இதில்தான் அதிக திருப்தி.

கமா சின்ன விஷயம் என்று ஒருத்தி முணுமுணுத்ததால் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி வழக்கைச் சொன்னேன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு பால் நிறுவனத்து ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் இல்லை என்று சட்டம் போட்டிருந்த பட்டியலின் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருந்தது. 'ஆர்' என்பதற்கு முன்னால் கமா இல்லை. அதனால் விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவதா என்ற சந்தேகம் வந்தது. இரண்டாவதுதான் என்றால், பொட்டலம் கட்டாத ஓட்டுநர்களுக்கு ஓவர்டைம் உண்டு. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளிக்க, அடுத்த ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பிறகு சட்டத்தின் அந்த வரியையே செமிகோலன்களாகப் போட்டு மாற்றி எழுதிவிட்டார்கள். கதை நன்றாகவே வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே! அடுத்த வாரத் தாள்களில் மூச்சு விடும் இடமெல்லாம் கமா.

'இட்ஸ்' விஷயத்தில் இன்னும் பாதிக் கிணறுதான். 'இட் இஸ்' சுருங்கிய 'இட்ஸ்', 'அதனுடைய' என்ற பொருள் தரும் 'இட்ஸ்' இரண்டும் தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிவதால் சுற்றி வளைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது: 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்துப் படித்தால் பொருள் வருகிறதா? வந்தால் 'ஸ்' எழுத்துக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி குறி வேண்டும். 'அதனுடைய' என்ற பொருளுக்கு வேண்டாம். 'ராமு'ஸ்' என்பதற்குக் குறி உண்டு, இதற்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார்கள். 'ஹெர்ஸ்', 'யுவர்ஸ்' இரண்டிலும் இல்லையே, இது அந்த வீட்டுப் பிள்ளை என்றேன். ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் வேகமாக எழுதும்போது கை தானாகக் குறி போட்டுவிடுகிறது.

சிலவற்றைத் தொடுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன். கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றுவதை 'ப்ரீபோன்' என்று எழுதினால் விட்டுவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பிடித்துவிட்ட சொல்லை நான் எதற்குத் துரத்த வேண்டும்?

'எ', 'தி' இரண்டையும் இன்னும் கையில் எடுக்கவில்லை. 'அன் ஹவர்', 'எ யுனிவர்சிட்டி' என்று ஒலியைப் பார்த்துப் போடுவது வந்துவிட்டது. எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதுதான் வரவில்லை. முதல் முறை சொல்லும்போது 'எ', அதையே மறுபடி சொல்லும்போது 'தி' என்பதை மட்டும் வைத்து அடுத்த வாரம் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.