கிராம்பும் ஐ.என்.ஆரும்

மார்ச் 4, 2025, செவ்வாய்

அம்மாவுக்கு ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், 3.4. மைட்ரல் வால்வு மாற்றியவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்கலாம் என்பதால் யாரும் பதறவில்லை, நான் மட்டும் பதறினேன். வாயில் வெள்ளை, கேண்டிடா என்கிற பூஞ்சை, மறுபடி வந்துவிட்டது. மேல் பல் செட்டைக் கழற்றினால் அண்ணம் முழுக்க ரத்தச் சிவப்பு, செட்டின் விளிம்பு அப்படியே அச்சடித்த மாதிரி. டாக்டர் பூஞ்சைக்குப் புளூகோனசோல் எழுதப் போனவர், ரத்தம் உறையாமலிருக்க அம்மா சாப்பிடுகிற வார்ஃபரினின் புத்தகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். ஈரலில் வார்ஃபரினை உடைக்கிற நொதியை அந்த மாத்திரை அடக்கிவிடும், ரத்தம் உறையாமல் போகும். மைக்கோனசோல் ஜெல்லும் அதே கதைதான், வாயில் தடவுவதுதானே என்று நம்பிக் கொடுக்க முடியாது. கடைசியில் நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்துச் சொட்டு. அது குடலில் ஏறாது, அதனால் வார்ஃபரினோடு வம்பு இல்லை. நாளுக்கு நான்கு வேளை, வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து பிறகு விழுங்க வேண்டும். அம்மாவா வைத்திருப்பார்? மருந்து என்றால் மடக்கென்று விழுங்கியே பழக்கம்.

மார்ச் 5, புதன்

லேப்பில் தட்டு போட்டாயிற்று, குழிகளில் கேண்டிடா, அதோடு கிராம்பு எண்ணெயின் முக்கியச் சரக்கான யூஜெனால். 35 டிகிரி. நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 6, வியாழன்

மருந்தே போடாத குழிகளில் பாதி வளரவில்லை. யூஜெனால் வரிசைக்கு ஒட்டினாற்போல் இருந்தவை மட்டும். ஆவிதான் காரணம். மூடியைப் போட்டால் அடங்கி உட்காருகிற சாமானா அது, பக்கத்துக் குழியில் சும்மா கிடந்த கேண்டிடாவையும் போய் அமுக்கிவிட்டிருக்கிறது. இதைக் கவனிக்காமல் "அபாரமான ஆற்றல்" என்று எழுதிய கட்டுரைகள் எத்தனை இருக்குமோ. இனி கட்டுப்பாட்டுக் குழிகளுக்குத் தனித் தட்டு, மேலே ஒட்டும் படலம்.

சுத்த எண்ணெய் ஒரு துளி பிளாஸ்டிக் மூடியில் சிந்தியது, அந்த இடம் பனி பிடித்த மாதிரி மங்கிவிட்டது. துடைத்தும் போகவில்லை. அம்மாவின் பல் செட் ஞாபகம் வந்தது. அது வேறு பிளாஸ்டிக்தான், இருந்தாலும்.

மார்ச் 8, சனி

ஃபெர்ரியில் பட்டர்வொர்த், அம்மாவைப் பார்க்க. அம்மா கஞ்சி மட்டும் குடிக்கிறார். ராத்திரி செட்டைக் கழற்றித் தூங்கச் சொன்னால், "பேரன் வந்து பார்த்தா பயப்படுவான்" என்கிறார். பேரன் இருப்பது ஜோகூரில்.

மார்ச் 11, செவ்வாய்

சரி, எண் கிடைத்துவிட்டது. கேண்டிடா வளர்வதை நிறுத்தக் குறைந்தபட்சம் யூஜெனால் மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம். அதே 90028 செல்களை (சோதனைக்கென்று வைத்திருக்கும் கேண்டிடா ரகம்) நிறுத்த புளூகோனசோல் அரை மைக்ரோகிராம் போதும். ஆயிரம் மடங்கு வித்தியாசம். சூப்பர்வைசர், "தாவரப் பொருளுக்கு இது மோசமில்லை" என்றார். யாருக்கு மோசமில்லை? 500 மைக்ரோகிராமை ஒரு கிழவியின் வாயில் எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது, எச்சில் ஊறிக்கொண்டே இருக்குமே, எச்சிலில் புரதம் வேறு இருக்கிறது. அதுவும் இந்த எண் திரவத்தில் தனித்தனியாக மிதக்கிற செல்களுக்கு. பல் செட்டில் இருப்பது மிதக்கிற செல் இல்லை, அக்ரிலிக்கைப் பிடித்துக்கொண்டு அடுக்கடுக்காய்ப் படலம் கட்டியிருப்பது. அந்தப் படலத்துக்குப் புளூகோனசோலே சரியாக எட்டாது.

பூஞ்சைக்கு டாக்டர்கள் எழுதித் தருகிற மருந்துகளை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். நிஸ்டாட்டின் 1950-இல் ஹேசன், பிரவுன் என்ற இரண்டு பெண்கள் கண்டுபிடித்தது, வர்ஜீனியாவில் ஒரு பண்ணை மண்ணிலிருந்த பாக்டீரியா. ஆம்போடெரிசினும் மண் பாக்டீரியாதான். எக்கினோகாண்டின்கள் பூஞ்சையிலிருந்தே வந்தவை. அசோல்கள் ஆலையில் செய்தவை. செடி எங்கே? கிராம்பு, வெற்றிலை, மஞ்சள், லெங்குவாஸ் என்கிற சித்தரத்தை வகை எல்லாம் தட்டிலேயே நிற்கின்றன. மஞ்சள் இன்னும் மோசம், அதன் நிறமே குழியின் கலங்கலை அளக்கிற ரீடரைக் குழப்பிவிடும், கலங்கலா மஞ்சளா என்று மெஷினுக்குத் தெரியாது.

பினாங்கின் பாலிக் பூலாவ் கிராம்பு என்று ஆய்வு முன்மொழிவில் அழகாக எழுதினேன். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கிராம்பு நட்ட கதையெல்லாம் சேர்த்து. பணம் அதற்குத்தான் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

மார்ச் 12, புதன்

ஒன்றுமில்லை. மழை.

மார்ச் 14, வெள்ளி

பெரியம்மாவை என்ன செய்வது! வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பினார்களாம். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து அம்மாவின் அண்ணத்தில் வைத்திருக்கிறார், தண்ணீர்கூடக் கலக்காமல். தோல் வெந்து வெள்ளையாய் உரிகிறது. இப்போது எது காளான், எது புண் என்று எனக்கே தெரியவில்லை. போனில் கத்தினேன். "அதைத்தானே நீ படிக்கிற, பல்லு வலிக்கு டாக்டரே போடுறாங்க" என்கிறார். பல் டாக்டர் போடுவது துத்தநாக ஆக்சைடோடு குழைத்து, பல் குழிக்குள், பெரியம்மா. ரத்தம் கசியவில்லை, அது போதும். யூஜெனால் ரத்தத் தட்டுகளையும் ஒட்டவிடாது என்று படித்திருக்கிறேன், வார்ஃபரின் சாப்பிடுகிறவரின் வாய்ப்புண்ணில் அதைப் போய் வைத்து... தூக்கம் வராது.

அப்புறம் அடுத்த யோசனை, வெற்றிலை பாக்கு மென்றால் வாய் சுத்தமாகுமாம். பாக்கு புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆட்கள் 2004-லேயே சொல்லிவிட்டார்கள், புகையிலை இல்லாவிட்டாலும். சொன்னேன். "உன் பாட்டி எண்பது வயசு வரைக்கும்" என்று ஆரம்பித்தார், வைத்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

அம்மா கொஞ்சம் ரசம் சாதம் சாப்பிட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

செக்கர்போர்டு, இரண்டு மருந்தைப் பல அளவுகளில் கலந்து பார்க்கும் சோதனை, வேலை செய்தது!! தனியாகத் தேவைப்பட்ட அளவில் யூஜெனால் கால் பங்கு, புளூகோனசோல் எட்டில் ஒரு பங்கு, கூட்டினால் 0.375. அரைக்குக் கீழே வந்தாலே கூட்டுவிளைவு. குழிகளின் அடியில் பொத்தான் மாதிரி செல் திரளும், கண்ணாடியில் கீழிருந்து பார்த்தால் தெரியும், அந்த வரிசையில் ஒரு பொத்தான்கூட இல்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் லேப்பில் எல்லோருக்கும் பாசாரிலிருந்து முர்தபா வாங்கி வந்தேன்.

ராத்திரிதான் உறைத்தது, இந்த ஜோடியில் பாதி அம்மாவுக்கு ஆகாதது. எட்டில் ஒரு பங்கு என்றால் நொதியை எவ்வளவு அடக்கும்? தட்டில் ஈரல் கிடையாது.

மார்ச் 20, வியாழன்

நிஸ்டாட்டினோடு யூஜெனால். முன்மொழிவில் இல்லை. சூப்பர்வைசரிடம் கேட்டேன், "எதற்கு, அதற்கு எதிர்ப்பே அவ்வளவாக இல்லையே" என்றார். நியாயமான கேள்வி. பல் செட் பிளாஸ்டிக்கான அக்ரிலிக் வில்லைகள் மிச்சம் இருக்கின்றன என்று மட்டும் சொன்னேன். இரண்டுமே செல்லின் சவ்வைத்தான் தாக்குகின்றன, ஒன்றுக்கொன்று குறுக்கே நின்றாலும் நிற்கலாம்.

மார்ச் 22, சனி

வில்லைகளில் படலம் நன்றாகப் பிடித்திருக்கிறது. நிஸ்டாட்டின் வெளிச்சத்தில் கெடும், அதனால் அலுமினியத் தாளில் சுற்றி உள்ளே வைத்தேன். படலத்தில் எவ்வளவு செல் உயிரோடு இருக்கிறது என்று நிறத்தால் காட்டுகிற எக்ஸ்.டி.டி. பொடி போதாது, பக்கத்து லேப் அக்காவிடம் திங்களன்று கேட்க வேண்டும், அவர் தருவாரா