பாயே இல்ல, பருமல் ஏன் மேல நிக்குது?

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல எங்க வீட்டு பெட்ரூம்ல ஃபேன் ஓடாது, சென்னையில மே மாசமா இருந்தாலும். கப்பல் மாடலுக்கு நூல் கட்ட உக்காந்தா ஃபேன் ஆகாதுங்க, நுனி ஆடிக்கிட்டே இருக்கும், ட்வீசர்ல பிடிபடவே படாது. வீட்டம்மா இப்பல்லாம் திட்டறதுகூட இல்ல, தலகாணிய எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போயிடறாங்க.

மேசைமேல நிக்கறது கட்டி சார்க்ங்கற பாய்க்கப்பலோட மாடல், 1:96 சைஸ் (நிஜத்துல 96ல ஒரு பங்கு) பிளாஸ்டிக் கிட். ஸ்காட்லாந்து பேச்சுல அந்தப் பேருக்கு குட்டைச் சட்டைன்னு அர்த்தம். சீனாவுல இருந்து லண்டனுக்கு தேயிலை ஏத்திட்டு வேகமா ஓடறதுக்குன்னே கட்டின கப்பல், 1869 நவம்பர் 22 அன்னைக்கு தண்ணில இறக்குனாங்க, ஆனா பாருங்க அதுக்கு அஞ்சு நாள் முன்னாடிதான் சூயஸ் கால்வாய் திறந்திருக்கு, நீராவிக் கப்பல் எல்லாம் குறுக்கு வழியில வர ஆரம்பிச்சுட்டா பாய்க்கப்பலுக்கு தேயிலை யார் குடுப்பா? அப்புறம் ஆஸ்திரேலியாவுல இருந்து கம்பளி ஏத்தித்தான் பேர் வாங்குச்சு. இப்ப கிரீன்விச்ல கரையில நிக்குது.

நிஜக் கப்பல்ல கயிறு மட்டும் கிட்டத்தட்ட 11 மைலாம். அதாவது பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர். 96ஆல வகுத்தா எனக்கு 180 மீட்டர் சொச்சம். டெய்லர் சாமான் கடையில பாலியஸ்டர் நூல் ரெண்டு கண்டு வாங்குனா முடிஞ்சுது, செலவுன்னு பாத்தா ஒண்ணுமே இல்ல. உயிர் போறது கட்டறதுலதான்.

நூல அப்படியே கட்டக்கூடாது, பிசிறு நீட்டிக்கிட்டு கயிறு மாதிரியே இருக்காது, நாட்டு மருந்துக் கடையில தேன்மெழுகு ஒரு துண்டு வாங்கி ரெண்டு தடவ இழுத்துட்டா வழவழன்னு படியும். முடிச்சு போட்டு மிச்சம் நிக்கிற நுனிய கத்திரிக்கோலால நறுக்குனா துருத்திக்கிட்டு நிக்கும். நான் ஊதுவத்திய பத்தவச்சு அந்தக் கங்க லேசா காட்டுவேன், நுனி உருகி முடிச்சோட ஒட்டிக்கும். (ஒருநாள் தும்மிட்டேன். அன்னைக்கு முழுக்க கட்டுன கயிறு நடுவுல அறுந்துது. சாம்பிராணி வாசனையோட அழுத ஒரே மாடல்காரன் நானாத்தான் இருப்பேன்.)

இதுல ரொம்பப் படுத்துனது ஏணிக்கயிறுதான். பாய்மரம் பக்கவாட்டுல சாயாம ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கயிறு இருக்குல்ல, ஷ்ரவுட்னு சொல்றது, அதுக்குக் குறுக்க படி படியா கட்டணும், மாலுமிங்க ஏறிப் போறதுக்கு. நிஜத்துல ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஒண்ணேகால் அடின்னு வச்சா இங்க 4 மில்லிமீட்டர். கிட்ல ரெடிமேடா பிளாஸ்டிக் வலை குடுத்திருந்தாங்க, ஜன்னல் கம்பி மாதிரி இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன். அட்டையில கோடு போட்டு பின்னாடி செருகி, ஒவ்வொரு கயித்துலயும் க்ளோவ் ஹிட்ச்ங்கற முடிச்சு, ஒரே ராத்திரியில 140. காலையில எந்திரிச்சுப் பாத்தா நடுவுல ஒடுங்கி உடுக்கை மாதிரி நிக்குது. படிய விறைப்பா இழுத்திருக்கேன், ஓரத்துக் கயிறு ரெண்டும் உள்ள வளைஞ்சிருச்சு. எல்லாத்தையும் பிச்சுட்டு மறுபடி கட்டுனேன், இந்தத் தடவ படி லேசா தொய்வா.

இப்படி ஒன்றரை வருஷம் போச்சு. போன மாசம் தூத்துக்குடியில இருந்து பெரியப்பா வந்தாங்க. தோணியில கொழும்புக்கு சரக்கு ஏத்திட்டுப் போன ஆளு, இஞ்சின் வர்றதுக்கு முன்னாடி பாய்லயே ஓடுன காலத்துல இருந்து. கண்ணாடிய மாட்டிக்கிட்டு கைய பின்னாடி கட்டிக்கிட்டு முன்னாடி அணியத்துல இருந்து பின்னாடி சுக்கான் வரைக்கும் ஒரு சுத்து வந்தாங்க. பத்து நிமிஷம் வாயே திறக்கல. சரி, பெருமையா ஏதோ சொல்லப்போறாங்கன்னு காபியோட நிக்கேன்.

"ஏலே, பாய் கட்டலியோ?"

"இல்ல பெரியப்பா, பாய் போட்டா கயிறு வேலை எல்லாம் மறைஞ்சுரும்."

"பாயே இல்ல, பருமல எதுக்குல மேல ஏத்தி வச்சிருக்க? ஆஞ்சான் இழுத்துக் கட்டிருக்கு, கீழ என்னத்த தூக்குதாம்?"

பருமல்னா மரத்துக்குக் குறுக்க பாய் கட்டித் தொங்கவிடற கட்டை, ஆஞ்சான் அத மேல தூக்குற கயிறு. எனக்கு ஒரு நிமிஷம் ஓடல. அப்புறம் உள்ளுக்குள்ள ஜில்லுன்னு ஆச்சு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. கட்டி சார்க்ல எல்லாப் பருமலும் ஏறி இறங்காது, அடியில இருக்கறதும் அதுக்கு மேல லோயர் டாப்செயிலும் ஒரே இடத்துல நிக்கும், ஆனா அதுக்கும் மேல வரிசையா இருக்கற அப்பர் டாப்செயில், டகேலன்ட், ராயல் பருமல் எல்லாம் பாய் விரிக்கும்போதுதான் மேல ஏறும், பாய் சுருட்டுனா பருமலும் இறங்கிரும். நான் பெட்டி மேல இருந்த படத்தப் பாத்து, பாய் விரிச்ச கப்பலோட உயரத்துலயே எல்லாத்தையும் ஒட்டி வச்சிருக்கேன்.

இறக்குனா போச்சுன்னு நெனைக்காதீங்க. பருமலோட ரெண்டு முனையையும் மேல இருந்து பிடிக்கிறது லிஃப்ட் கயிறு, பருமல் மேல இருந்தா அது தொங்கணும், கீழ வந்தா விறைப்பா தாங்கணும். நான் மேல வச்சே விறைப்பா கட்டியிருக்கேன், அப்ப அந்த நீளம் எல்லாமே தப்பு. பருமல திருப்புற ப்ரேஸ் கயிறும் மறுபடி அளக்கணும். ஒரு மரத்துக்கு குறைஞ்சது மூணு பருமல்னா பாத்துக்குங்க. பெரியப்பா ஊருக்குப் போன அன்னைக்கே பிளேட எடுத்துட்டேன், மனசு ஆறல.

யாருக்குங்க தெரியப்போவுதுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். அவருக்கு எப்படிச் சொல்றது, அதத் தெரிஞ்சுக்கிட்ட அப்புறம் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கண்ணு நேரா அந்த பருமலுக்குத்தான் போகுது.

முன் மரமும் நடு மரமும் முடிஞ்சாச்சு. பின் மரத்துல மூணு பாக்கி. பெரியப்பா ஆவணியில ஒரு கல்யாணத்துக்கு வர்றாங்க.