தோல் நோய்தானே என்று நினைத்தோம்

அண்ணனுக்கு 52 வயது. யூரிக் அமிலம் கூடியிருக்கிறது என்று அலோபுரினால் மாத்திரை தொடங்கியிருந்தார்கள். மூன்றாவது வாரத்தில் காய்ச்சல், கண் எரிச்சல், தொண்டை வலி. சாதாரணக் காய்ச்சல்தான் என்று நினைத்து, மாத்திரையை விடாமல் எடுத்துக் கொடுத்தவன் நான். அடுத்த நாள் நெஞ்சில் சிவப்புத் திட்டுகள். சட்டையைக் கழற்றும்போது முதுகுத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "புதுசா என்ன மருந்து, எந்தத் தேதியில் ஆரம்பிச்சீங்க?" மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணினேன். ஒன்று முழுக்கக் காலி, இரண்டாவதில் ஒன்றுதான் மீதி. 19 நாள். இந்த ஒவ்வாமை பெரும்பாலும் 4 நாளிலிருந்து 4 வாரத்துக்குள் வருமாம். அந்த நிமிடமே மருந்தை நிறுத்தினார்கள்.

மருந்து ஒவ்வாமையால் தோல் உரியும் இந்த நோய்க்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்று பெயர் சொன்னார்கள். உரிந்த பரப்பு 30 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கே வேறு பெயர், ஆபத்தும் அதிகம். நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கைதான் அளவு, அது ஒரு சதவீதம். அண்ணனுக்கு 20 வந்தது. அப்புறம் ஸ்கார்டென் என்று ஏழு கேள்விகள் கொண்ட ஒரு கணக்கு. 40 வயதுக்கு மேல், நாடித்துடிப்பு 120க்கு மேல், உரிவு 10 சதவீதத்துக்கு மேல்: மூன்றுக்கும் ஆம். மூன்று மதிப்பெண் என்றால் நூற்றில் 35 பேர் வரை இறக்கலாம் என்றார் டாக்டர். சுற்றி வளைக்காமல் சொன்னதற்கு அன்று அவர் மேல் கோபம் வந்தது.

தோல் போனால் நீர் போகும், சூடு போகும், கிருமி உள்ளே வரும். அதனால் அறையை வெதுவெதுப்பாக வைத்தார்கள். ஊசிக் குழாயைக்கூடப் பிளாஸ்டர் ஒட்டாமல் துணியால் கட்டினார்கள். இமைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்து. என் வேலை எல்லாம் கைகழுவுவதும், பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவதும்தான். உறவினர்கள் கோபித்துக்கொண்டார்கள். கோபிக்கட்டும்.

பக்கத்து அறையில் ஒரு பெரியவர். அவருக்குப் பெம்பிகஸ், உடம்பெல்லாம் கொப்புளம். அதை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடும். எங்கள் ஒன்பதாம் நாள் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மறுநாள் இரவு போய்விட்டார். "தோல் வியாதிக்கா செத்துப்போவாங்க?" என்று அவருடைய மகள் என்னிடம் கேட்டாள். பத்து நாள் முன்னால் நானும் அதையேதான் டாக்டரிடம் கேட்டிருந்தேன்.

அண்ணனுக்குப் பன்னிரண்டாம் நாள் முதுகில் புதுத்தோல் தெரிந்தது. கண்கள் இன்னும் வறண்டே இருக்கின்றன, சொட்டு மருந்து நிற்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மருந்தின் பெயரை எழுதி ஓர் அட்டை தந்தார்கள். விற்பனைப் பெயர் கடைக்குக் கடை மாறும் என்பதால், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் கேட்டு எழுதி வாங்கினேன்.

கூடப்பிறந்தவர்களும் அந்த மருந்தைத் தவிர்ப்பது நல்லது என்றார் டாக்டர். இதற்கென்று ஒரு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. செய்து பார்த்தேன். அந்த மரபணு எனக்கும் இருக்கிறது. அதே மாதிரி ஓர் அட்டை இப்போது என் பர்ஸிலும்.