மொலேலாவில் சக்கரம் கேட்காதீர்கள்

ராஜஸ்தானில் உதய்பூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு டிராவல்ஸ் கடை. வாசலில் போர்டு: 'கிராமத்தில் மண்பாண்டப் பயிற்சி, அரை நாள், ஆளுக்கு 3,500 ரூபாய்'. படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சக்கரத்தில் கை வைத்துச் சிரிக்கிறார். எந்த ஊர் என்று கேட்டோம். மொலேலாவாம்! அந்த ஊருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது சக்கரமே இல்லை, கையால் தட்டிச் செய்கிற சுடுமண் சாமிப் பலகைகள். "நேரா போனா யாரும் உள்ளே விட மாட்டாங்க மேடம்" என்று வேறு கடைக்காரர் பயமுறுத்தினார். பச்சைப் பொய். ஆளுக்கு ஐநூறு ரூபாய்க்கு ஒரு மத்தியானம் முழுக்க மண்ணில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறோம், சாப்பாடும் போட்டு அனுப்பினார்கள். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். முதலில் போகும் வழி, அப்புறம் அனுபவம்.

உதய்பூரிலிருந்து நாத்துவாரா ஐம்பது கிலோமீட்டருக்குள்தான், பஸ் அடிக்கடி உண்டு. அங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் மொலேலா. சொல்ல எளிது. அந்த பஸ்ஸில் ஏறிப் பார்க்க வேண்டும். ஜனவரிக் குளிர், மூடாத ஜன்னல், முன்னால் பளிங்குப் பாளம் ஏற்றிய லாரி வரிசை. இந்த ராஜ்சமந்த் மாவட்டம் பக்கம் முழுக்கப் பளிங்குக்கல் பூமி; அந்த வெள்ளைப் புழுதி பஸ்ஸுக்குள் வந்து தலையில் உட்கார்ந்துகொண்டது. இதில் ஸ்ரீநாத்ஜி கோயில் கூட்டம் வேறு. நாத்துவாராவில் நடை நாள் முழுக்கத் திறந்திருக்காது, ஒரு நாளைக்கு எட்டு முறை கொஞ்ச கொஞ்ச நேரம்தான் தரிசனம். அதைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு குஜராத்திக் குடும்பமே என் கால்மேல் ஏறி இறங்கியது. பாதி தூரம் நின்றுகொண்டே போனேன். கணக்கு நோட்டு அக்கா கையில் இருந்ததால் டாக்சிப் பேச்சையே எடுக்க முடியவில்லை.

நாத்துவாராவில் இறங்கியதும் புதினா போட்ட டீ, மண் குவளையில். அதற்காகவே இன்னொரு தடவை போகலாம்.

அடுத்தது ஆட்டோ. மொலேலா போய்வர ஐநூறு என்று பேசித்தான் ஏறினோம். ஊர் வந்ததும் "போறதுக்கு மட்டும்தான் ஐநூறு, காத்திருந்தா மணிக்கு இருநூறு" என்றார் டிரைவர். அக்கா தன் அரைகுறை இந்தியில் நடுத்தெருவில் ஒரு பஞ்சாயத்தே நடத்தி, முந்நூறைக் கையில் திணித்து அனுப்பிவிட்டாள். திரும்பும்போது ஷேர் ஜீப்பில் அதில் கால்வாசிகூட ஆகவில்லை. அதனால் போகும்போதே ஜீப்புக்குக் காத்திருங்கள்.

ஊருக்குள் நுழைந்தால் சுவரெல்லாம் சாமி. குதிரைமேல் தேவ்நாராயண், தர்மராஜ், பைரவர், பாம்புச் சாமி. பல வாசல்களில் பலகைகள் காய்கின்றன. 2012இல் பத்மஸ்ரீ வாங்கிய மோகன்லால் கும்ஹார் இந்த ஊர்க்காரர்தான், புவிசார் குறியீடும் இந்த வேலைக்கு உண்டு. நாங்கள் போய் உட்கார்ந்தது பேர்பலகை எதுவும் இல்லாத ஒரு வீட்டில். "ராம் ராம் சா" என்றோம். பெரியவர் கட்டிலைக் காட்டினார், அவ்வளவுதான் அட்மிஷன்.

பயிற்சி என்றால் பாடத்திட்டம், ஏப்ரன் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். முதல் ஒரு மணி நேரம் மண் பிசைகிற வேலைதான் கொடுத்தார். கட்டி மண்ணைத் தடியால் அடித்து உடைத்து, சலித்து, அதில் காய்ந்த கழுதை விட்டையைப் பொடித்துக் கலக்க வேண்டும். அக்கா மூக்கைப் பொத்தினாள். எதற்கு இது என்றால், மண் காயும்போது விரிசல் விடாமல் அந்த நார் பிடித்துக்கொள்கிறது; சூளையில் வெந்ததும் நார் எரிந்து சின்னச் சின்னத் துளை விழுகிறது, பலகை எடையும் குறைகிறது. நாற்றம் ஐந்து நிமிடம்தான், அப்புறம் மூக்குக்குப் பழகிவிடும்.

பிறகு தரையில் சாம்பல் தூவி மண்ணைச் சப்பாத்தி மாதிரி தட்டச் சொன்னார். அதுதான் பலகை. அதன்மேல் மண்ணைத் திரித்து ஒட்டி ஒட்டி உருவத்தை எழுப்ப வேண்டும். அச்சு கிடையாது. குதிரை உடம்பு கெட்டியாக இருக்கக் கூடாது, உள்ளே கூடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூளையில் வெடிக்கும். நான் செய்த குதிரையைப் பார்த்து "பகரி?" என்றார் பெரியவர், ஆடா என்று. அந்த வீட்டுப் பெண்மணி, நாங்கள் 'பாபி' (அண்ணி) என்று கூப்பிட்டவர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பெரியவரே வந்து கட்டை விரலால் கழுத்தை இரண்டு அழுத்து அழுத்தினார், குதிரையாகிவிட்டது. மண் பிசைவதும் வர்ணம் பூசுவதும் அந்த வீட்டில் பாபிதான். ஷோகேஸில் இருக்கிற சான்றிதழ் ஒன்றில்கூட அவர் பேர் இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை, அங்கேயே சொன்னேன். பெரியவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

நடுவில் ஒரு ஜீப் வந்து நின்றது. மத்தியப் பிரதேசப் பக்கத்து பீல் பழங்குடி ஜனங்கள், கூடவே அவர்கள் பூசாரி போபா. மாக மாதம் (நம்ம தை, மாசி வாக்கில்) இப்படித்தான் கூட்டம் கூட்டமாக வந்து ஊர்க்கோயிலுக்குப் புதுச் சாமி வாங்கிப் போவார்களாம். போபா ஒவ்வொரு பலகையாக உற்றுப் பார்த்து இரண்டை ஒதுக்கினார். அதுவரை விலை பேசிய அதே ஆட்கள், துணி சுற்றித் தலையில் தூக்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நம்மூரில் வேளார் செய்த குதிரைக்குக் கண் திறந்து ஐயனார் கோயிலுக்குத் தூக்கிப் போகிற புரவி எடுப்பு நினைவுக்கு வந்தது. அங்கே மட்டும் நானும் போனை உள்ளே வைத்துவிட்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். மண் தோசைக்கல்லில் சுட்ட மக்காச்சோள ரொட்டி, உளுந்தம்பருப்பு, பூண்டுச் சட்னி, வெல்லம், மோர். ரொட்டி முழுக்க நெய்யில் நனைந்திருந்தது. உதய்பூரில் ஏரி தெரிகிற ஹோட்டலில் நானூறு ரூபாய்க்குச் சாப்பிட்ட தாலி இதன் பக்கத்தில் நிற்காது. சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கப் போனதற்குப் பாபி கோபித்துக்கொண்டார். அதனால் ஒரு சின்னப் பிள்ளையார் பலகையை முந்நூறுக்கு வாங்கினோம், பேரம் பேசாமல். பெரிய பலகைகள் ஆயிரக்கணக்கில் போகும், நல்ல வேலைக்கு அது நியாயமான விலை.

ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள்: நீங்கள் செய்ததை அன்றே எடுத்துக்கொண்டு வர முடியாது. ஒரு வாரமாவது காய வேண்டும், அதன்பின் நிறையச் சேர்ந்ததும்தான் சூளை வைப்பார்கள். அதன்பிறகு காவி, வெள்ளை பூச்சு. பச்சை மண்ணைப் பையில் வைத்து ரயில் ஏற்றுகிறவர்களுக்கு என் அனுதாபம். மழைக்காலத்தில் காய வைப்பதே பாடு என்பதால் அப்போது போவதைவிடக் குளிர்காலம் நல்லது. சக்கரத்தில் பானை செய்து படம் போடத்தான் ஆசை என்றால் வேறு ஊர் பாருங்கள், இங்கே வந்து அவர்கள் நேரத்தை வீணடிக்காதீர்கள். கையில் நேரம் இருந்தால் ஹல்திகாட்டி பக்கத்திலேயே இருக்கிறது, 1576இல் ராணா பிரதாப்பும் அக்பரின் படையும் மோதிய சண்டை நடந்த இடம். எங்களுக்கு வெளிச்சம் போய்விட்டது. வழியில் ரோஜாப்பூ குல்கந்து மட்டும் வாங்கினோம்.

என் ஆட்டுக்குதிரை இன்னும் அங்கேதான் காய்கிறது. சூளை வைத்ததும் போன் செய்வதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். கூரியருக்கு அறுநூறு ஆகுமாம், அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை.