புரட்டாசியிலேயே பறித்துவிடுங்கள்: மாடியில் வளரும் புதினாவும் கறிவேப்பிலையும் மழையைத் தாண்ட

குளிர் நாட்டுக்காரர்கள் பனி விழுவதற்கு முன் தொட்டிகளை வீட்டுக்குள் தூக்கி வைப்பார்கள். அந்தக் கவலை நமக்கு இல்லை. தை மாத விடியற்காலையிலும் சென்னையில் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சோதனைக் காலம் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அக்டோபர் மூன்றாம் வாரம் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டிசம்பர் நடு வரை வேர் காயவே காயாது. கிழக்கே இருந்து உப்புக்காற்றும் அடிக்கும். அதனால் இலையைப் பறித்துப் பதப்படுத்தும் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் செடியை உயிரோடு வைத்திருந்தால் போதும், இலை எதிர்பார்க்கக் கூடாது.

மழையில் வளரும் இலையில் தண்ணீர்ச் சத்து கூடுதல், வாசனை குறைவு. காயவைத்தாலும் கறுக்கும். புரட்டாசி இலை வெயில் தின்று முற்றியது. அதில் எண்ணெய் அதிகம். பூ எடுப்பதற்கு முன் பறிப்பது இன்னும் நல்லது. திருநீற்றுப்பச்சிலையும் துளசியும் கதிர் விட்டுவிட்டால் இலை சிறுத்து, வாசம் மட்டுப்படும்.

பறிப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் செடி முழுவதையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். லாரித் தூசும் கரிப்புகையும் படிகிற நம் பக்கத்தில் இதை விடவே கூடாது. மறுநாள் காலை இலை மேல் ஈரம் காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் பறியுங்கள். கறிவேப்பிலையை இலை இலையாக உருவாமல் ஈர்க்கோடு ஒடியுங்கள். புதினாவை மண்ணிலிருந்து நாலு விரல் விட்டு வெட்டுங்கள். அடியில் இரண்டு கணு நின்றால் திரும்பத் தழைக்கும்.

மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் பச்சை நிறமும் போகும், வாசனையும் போகும். நிழல் காய்ச்சல்தான் சரி. ஆனால் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நிழல் மட்டும் போதாது, ஃபேன் வேண்டும். மூன்று தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, நைலான் கட்டில் மேல் பழைய வேட்டியை விரித்து ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். மேலே ஃபேன் ஓடட்டும். கட்டிலுக்கு அடியிலும் காற்று போவதால் தரையில் பரப்புவதைவிடச் சீக்கிரம் காயும். கறிவேப்பிலை நாலைந்து நாளில் காயும். 100 கிராம் புதினாவில் ஏறக்குறைய 85 கிராம் தண்ணீர். கறிவேப்பிலையில் 65 கிராம்தான். அதனால் புதினாவைக் குவியலாகப் போட்டால் நடுவில் புழுங்கிக் கறுத்துவிடும். காம்பிலிருந்து உருவி இலையை மட்டும் மெல்லிசாகப் பரப்பினால் மூன்று நாளில் நொறுங்கும்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் மட்டும் தீர்மானிக்காதீர்கள். இலை சரசரவென்று நொறுங்கும், நடு ஈர்க்கில் மட்டும் ஈரம் ஒளிந்திருக்கும். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதியளவு போட்டு இறுக மூடி ஒரு நாள் ஜன்னலோரம் வையுங்கள். மறுநாள் பாட்டிலின் உள்பக்கம், மூடிக்குக் கீழே, மெல்லிய ஆவிப்படலம் தெரிந்தால் இலையில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. கொட்டித் திரும்பக் காயவையுங்கள். இதைச் செய்யாமல் டப்பாவில் அடைத்துவிட்டு, கார்த்திகையில் திறக்கும்போது சாம்பல் நிறப் பூஞ்சையைப் பார்ப்பவர்கள் நிறைய. பூஞ்சை பிடித்ததை வறுத்துச் சரிசெய்ய முடியாது, மொத்தமும் குப்பைக்குத்தான். நன்றாகக் காய்ந்ததைப் பொடிக்காமல் முழு இலையாக, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்தால் ஆறு மாதம் வாசனை நிற்கும். தேவைப்படும்போது கசக்கிக்கொள்ளலாம்.

கொத்தமல்லித் தழையைக் காயவைக்காதீர்கள். அதன் வாசனை காற்றோடு போகிற வகை. காய்ந்தால் வைக்கோல்தான் மிஞ்சும். பொடியாக நறுக்கி, ஐஸ் தட்டில் இறுக்கமாக அமுக்கி, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு ஃப்ரீசரில் உறையவையுங்கள். ரசத்தில் கடைசியாக ஒரு கட்டி போட்டால் போதும். கறிவேப்பிலையையும் ஃப்ரீசரில் வைக்கலாம், ஆனால் ஒரு துளி ஈரமும் கூடாது. எடுத்து வெளியே வைத்தால் நொடியில் கறுக்கும் என்பதால் உறைந்தபடியே காய்ந்த எண்ணெயில் போட வேண்டும்.

ஃப்ரீசரை மட்டும் நம்பியிருப்பது வடசென்னையில் சரிவராது. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று புயல் வந்தபோதெல்லாம் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. உருகியதைத் திரும்ப உறையவைத்தால் இலை கூழாகிவிடும். பாதியைக் காயவைத்து, கால் பங்கைத் தொக்காக்கி, மீதியை ஃப்ரீசருக்குக் கொடுங்கள்.

தொக்குக்கு அளவு: அமுக்கி அளந்த கறிவேப்பிலை 2 கப், எலுமிச்சை அளவு புளி, வரமிளகாய் 12, கல் உப்பு 2 டீஸ்பூன், நல்லெண்ணெய் 150 மில்லி, சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம். பெருங்காயத்தையும் மிளகாயையும் கொஞ்சம் எண்ணெயில் வறுத்து எடுத்து, அதே சூட்டில் இலையை ஓரம் மொறுமொறுப்பாகும்வரை வதக்குங்கள். புளியைக் கால் கப் வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரோடு அரையுங்கள். வேறு தண்ணீர் வேண்டாம். மீதி எண்ணெயில் கடுகு தாளித்து விழுதைச் சிறுதீயில் கிளறுங்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். பிரியாமல் இறக்கினால் தண்ணீர் உள்ளேயே இருக்கும். பத்து நாளில் புளித்து நுரைக்கும். ஃப்ரிட்ஜில், காய்ந்த ஸ்பூன் மட்டும் போட்டு எடுத்தால் ஒரு மாதம் வரும். புதினாவுக்கும் இதே அளவுதான், இலையை மட்டும் 3 கப்பாகக் கூட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பச்சை இலையையோ பூண்டையோ வதக்காமல் எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கும் முறை இணையத்தில் அழகாகத் தெரிகிறது, செய்யாதீர்கள். காற்றுப் புகாத ஈரத்தில் போட்டுலினம் கிருமி வளர்ந்து நஞ்சாகும்; அதற்கு வாசனையும் இருக்காது, ருசியும் மாறாது. தொக்கில் புளியும் உப்பும் இருக்கிறது, தண்ணீர் சுண்டியிருக்கிறது, அதையும் ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறோம்.

இனி செடி. புரட்டாசிக் கடைசியில் தொட்டிகளின் அடித்துளைகளைக் குச்சி விட்டுக் குத்திப் பாருங்கள். தேங்காய் நார்த்தூள் மட்கி அடைத்திருக்கும். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றுங்கள். அடித்தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று மழையைத் தடுக்காமல் விடுங்கள். மீஞ்சூர் தொடங்கித் திருவொற்றியூர் வரை நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருக்கிறது. கோடை முழுக்க போர் தண்ணீர் ஊற்றிய தொட்டியில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதைக் கழுவி இறக்க மழையைப் போல வேறெதுவும் இல்லை. அதற்குப் பிறகு தொட்டிகளைக் கிழக்குக் கைப்பிடிச்சுவரின் உள்பக்கத்தோடு ஒட்டி வையுங்கள். கடற்காற்று சுவருக்கு மேலே போய்விடும். இலை ஓரம் தீய்ந்தது போலப் பழுத்தால் அது உப்பு. மழை விட்ட நாளில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவுங்கள். மண் இளக வேண்டுமென்று காசிமேட்டுக் கடற்கரை மணலை அள்ளி வந்து கலப்பது மட்டும் வேண்டாம், அந்த உப்பில் எந்த வாசனைச் செடியும் பிழைக்காது.

எல்லாச் செடிக்கும் ஒரு மாற்று வைத்துக்கொள்ள வேண்டும். புதினாவின் தண்டு மண்மேல் ஊரும் இடத்தில் உற்றுப் பார்த்தால் கணுவுக்குக் கணு வெள்ளையாக முள் போல வேர் முளை நிற்கும். அந்த இடத்தில் ஒரு சாண் வெட்டி, கீழ் இலைகளை உருவி, டம்ளர் தண்ணீரில் வையுங்கள். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் பத்து நாளுக்குள் வேர் விடும். கற்பூரவல்லியைத் தண்ணீரில் போட்டால் அழுகிவிடவும் கூடும், மண்ணே நல்லது. வெட்டிய முனையை ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றி, மழை படாத மாடிப்படி ஓரம் வையுங்கள். எலுமிச்சைப்புல்லுக்கு எதுவும் வேண்டாம், அது பிழைத்துக்கொள்ளும். நர்சரியில் ஆசைப்பட்டு வாங்கும் ரோஸ்மேரி நம் மழையைத் தாண்டுவது கஷ்டம். ஐப்பசிக்கு முன் முழுதாக வெட்டிக் காயவைத்துவிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

கறிவேப்பிலைக்கு மழையில் இலைப்புள்ளி வரும். புள்ளி விழுந்த ஈர்க்குகளை ஒடித்துத் தூர எறியுங்கள், தொட்டிக்குள் உதிரவிடாதீர்கள். மார்கழியில் அது துளிர்க்காமல் நிற்பது நோயல்ல, இரவுக் குளிர்தான் காரணம். அந்த நேரத்தில் உரத்தைக் கொட்டினால் வேர்தான் கெடும். பொங்கல் முடிந்து வெயில் ஏறியதும் நுனிகளை ஒரு சாண் வெட்டி, ஒரு கை மண்புழு உரமும் புளித்த மோரும் கொடுங்கள். மழை உப்போடு சத்தையும் கழுவிக்கொண்டு போயிருக்கும்.

கொத்தமல்லிக்கு மட்டும் கணக்குத் தலைகீழ். கோடையில் முளைத்தால் சீக்கிரமே பூத்துவிடும், ஐப்பசியில் விதைத்தால் மழை நாற்றைச் சாய்த்துவிடும். டிசம்பர் நடுவில் பெருமழை ஓய்ந்ததும் கடை தனியாவை இரண்டாக உடைத்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். பத்து நாளில் முளைக்கும். தை பாதியிலிருந்து பறிக்கலாம். மாசி வெயில் கடுமையாவதற்குள் இரண்டாம் விதைப்பும் கைக்கு வந்துவிடும்.